பெருக்கல் குறி போட்ட புத்தகங்கள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானது இல்லை. போர்ட் கென்னா என்கிற தென் ஆஸ்திரேலியக் கடற்கரை ஊரில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற மெரிடி டிரெவின் என்னிடம் ஒரு யோசனை கேட்டாள். நான் யோசனை எதுவும் சொல்லாமல் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "பேரெல்லாம் சொல்ல மாட்டேன், கேக்காத" என்றுதான் ஆரம்பித்தாள். இவ்வளவு சின்ன ஊரில் பெயர் சொல்லாமல் சொல்வதற்கும் மைக் பிடித்துச் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பேக்கரிக்குப் போய் ஒரு பேஸ்ட்டி வாங்கித் தின்று முடிப்பதற்குள் எல்லாப் பெயர்களும் எனக்குக் கிடைத்துவிட்டன.

ஆகவே பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஆனால் உண்மையான பாதுகாப்பு அதுவல்ல. இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருத்தி என் மனைவி, இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர். நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை.

எங்கே தொடங்குவது என்பதுதான் பாடாய்ப் படுத்தியது.

"அன்று கடல் தகரம் போலப் பளபளத்துக்கொண்டு" (வேண்டாம். கடற்கரை ஊரில் குடியிருக்கிறவன் எல்லாக் கதையையும் கடலில் தொடங்கினால் சுற்றுலாத் துறைக்கு எழுதுகிறான் என்று பேசுவார்கள்.)

"பார்லி அறுவடை முடிந்த மறுநாள் கோரலி பாஸ்கோ தன் புருஷனுக்குச் சில நாளைக்கான சாப்பாட்டைச் சமைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டு வீட்டைவிட்டுப்" (இது பரவாயில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் கோரலியின் கதையாகிவிடும். கோரலியோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை. மெரிடியைத்தான் எனக்குத் தெரியும்.)

"மெரிடி டிரெவின் எடுத்துக் கொடுத்த புத்தகம் இதுவரை பாதியில் திரும்பி வந்ததில்லை."

இது இருக்கட்டும்.

2

மெரிடி டிரெவின் எடுத்துக் கொடுத்த புத்தகம் இதுவரை பாதியில் திரும்பி வந்ததில்லை. "உங்களுக்கு என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?" என்று அவள் யாரையும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் பொய்தான் சொல்வார்கள் என்பது அவள் கட்சி. "கடைசியா எந்தப் புஸ்தகத்தப் பாதியில தூக்கிப் போட்டீங்க? எந்த இடத்துல?" என்று கேட்பாள். ஆள் அதிலேயே அகப்பட்டுவிடுவார். ஒரு அம்மாளுக்குக் கொலை வேண்டும், ரத்தம் கூடாது, கொலைகாரன் பாதிரியாராக இருக்கவே கூடாது. பவுலிங் கிளப் செயலாளருக்குப் போர்க்கதை வேண்டும், அது கடலில் நடக்க வேண்டும், நம் ஆட்கள் ஜெயிக்கக் கூடாது. சிலருக்கு நாய் வருகிற கதை என்றால் அந்த நாய் கடைசி வரை உயிரோடு இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். மணிக்கட்டு வலிக்காரர்களுக்குத் தடிப் புத்தகம் கிடையாது.

(எனக்கு மட்டும் அட்டையில் மாம்பழமோ வளையலோ உள்ளதாகப் பார்த்து எடுத்து வைப்பாள். அவற்றை நான் தொடாமலே வைத்திருந்து, படித்து முடித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவளுடைய புகழில் என் பொய்யும் கொஞ்சம் கலந்திருக்கிறது.)

வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு வியாழக்கிழமைதோறும் அவளே பையில் புத்தகம் கொண்டுபோவாள். பெரும்பாலும் பெரிய எழுத்துப் புத்தகங்கள். அட்டையும் தலைப்பும் எல்லாம் ஒரே ஜாடை. படித்ததா படிக்காததா என்பது படித்தவருக்கே மறந்துபோகும். அதனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு குறி. ஒருவர் முதல் பக்கத்து மூலையில் ஒரு குட்டி மீன் வரைவார். ஒருவர் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். பையிலிருந்து எடுத்ததும் தன் குறி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் "இது ஆச்சும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்தக் குறிகளை ரப்பரால் அழிக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மெரிடி அழிப்பதில்லை. எது யாருடையது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

3

கோரலியின் புருஷன் லயல் பாஸ்கோ அன்றைக்கு முன்னால் நூலகத்துக்குள் வந்ததெல்லாம் ஓட்டுப் போட மட்டும்தான்.

"என்ன லயல், இப்ப எலெக்ஷன் எதுவும் இல்லையே" என்றாள் மெரிடி.

"கிண்டல் பண்ணாதப்பா. நிக்கவே தெம்பு இல்ல எனக்கு."*

தொப்பியைக் கழற்றிக் கவுண்டர் மேல் வைத்தான். அங்கே வைக்கலாமா என்று சந்தேகம் வந்து மறுபடி கையில் எடுத்துக்கொண்டான்.

"கோரலி போயிட்டா. தெரியும்ல?"

"ஊருக்கே தெரியும்."

"ஏன் போனான்னும் ஊருக்குத் தெரியுமா? தெரிஞ்சா எனக்கும் கொஞ்சம் சொல்லச் சொல்லு." மூச்சை இழுத்து விட்டான். "'இத்தன வருஷமா பக்கத்துல படுத்துக்கிட்டு நான் என்ன படிக்கிறேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா'ன்னா. 'புஸ்தகம்'னேன்."

"புஸ்தகம்னா சொன்ன?"

"வேற என்ன சொல்ல? மழை வருமா வராதான்னு போன்ல பாத்துட்டு இருந்தேன்."

மெரிடி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரி, சிரி. அவளும் மொதல்ல சிரிச்சா. அப்புறம் பெட்டிய எடுத்தா. 'என்ன படிச்சேன்னு தெரிஞ்சுக்கிட்டு வா, அப்ப பேசலாம்'னுட்டு அடிலெய்டுக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. அதான் வந்தேன். அவ எடுத்ததெல்லாம் உன் கம்ப்யூட்டர்ல இருக்கும்ல, அச்சடிச்சுக் குடு. படிச்சுடறேன்."

"முடியாது லயல்."

"ஏன் முடியாது? நான் அவ புருஷன்."

"புருஷனுக்குத்தான் முக்கியமாக் குடுக்கக் கூடாது. யாரு என்ன படிக்கிறாங்கன்னு இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாது. அதான் ரூல்."

"என் கல்யாணத்துல நீ டான்ஸ் ஆடினவ."

"ஆடினேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

லயல் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினான். "அவ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல மெரிடி" என்றான். அவன் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். அவன் அழவில்லை.

* அவர்கள் தமிழிலா பேசினார்கள் என்று கேட்காதீர்கள். இங்கே வாய்க்கு வாய் வருகிற 'மேட்' என்ற சொல்லுக்கு 'ப்பா' என்று போட்டுக்கொண்டே வருகிறேன். சண்டையில் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற 'மேட்'டுக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை. கதையில் நல்லவேளையாக அப்படி ஒரு சண்டை வரவில்லை.

4

மெரிடி வாய் திறக்கவில்லை. நான் திறக்கிறேன், எனக்கு ரூல் கிடையாது. கோரலி படித்ததெல்லாம் பனிப்பிரதேசப் பயணங்கள். கப்பல் பனியில் இறுகிக்கொள்ளும், ஆட்கள் இறங்கி நடப்பார்கள், பூட்ஸ் தோலை வேகவைத்துத் தின்பார்கள், பாதிப் பேர் செத்துப்போவார்கள். வெயிலில் தார் உருகுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த வகையில் தென் ஆஸ்திரேலியா முழுக்க இருந்ததையெல்லாம் வரவழைத்துப் படித்துவிட்டாள். கையில் பென்சிலும் வைத்திருப்பாள். வரைபடப் பக்கத்தில் அந்த ஆட்கள் நடந்த வழியைத் தொட்டும் தொடாமலும் கோடிழுத்துக்கொண்டே போவாள்.

அந்தப் பென்சிலை லயல் பார்த்திருக்கிறான். கோட்டைப் பார்த்ததில்லை.

"பென்சிலால என்னமோ குறி போடுவாளே" என்று வாசல் வரை போனவன் திரும்பி வந்தான். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே பாத்துக்கறேன்."

குறிகளுக்குப் பேர்போன பெரிய எழுத்து அலமாரிக்கு முன்னால் போய் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினான். மீனைப் பார்த்தான், வைத்தான். வட்டத்தைப் பார்த்தான், வைத்தான். திடீரென்று ஒரு புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு வந்தான். முதல் பக்கத்து மூலையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

"இதான். அடைக்கு வைக்கிற முட்டையில எல்லாம் அவ இப்படித்தான் போடுவா. மத்த கோழி வந்து புதுசா இட்டா அடையாளம் தெரியணும்னு. இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

இரண்டு கோடு குறுக்கே போனால் அதில் என்ன கையெழுத்து கண்டான் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கிற நிலையில் மெரிடி இல்லை. அந்தப் பெருக்கல் குறி ஐவர் ஹாக்கிங்குடையது.

5

ஐவர் ஹாக்கிங் கல்யாணம் ஆகாதவர். இடுப்பெலும்பு முறிந்து வீட்டோடு கிடப்பவர். பெருக்கல் குறி போட்டுத் தள்ளியதெல்லாம் காதல் கதைகள், எல்லாம் கல்யாணத்தில் முடிபவை. "மேல ரெண்டு கௌபாய் கதை வெச்சிடு தாயி, அடியில மத்தது" என்று மெரிடியிடம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஃபுட்பால் கிளப்புக்குத் தெரிந்தால் அவர் பிணத்தைக்கூடக் கிண்டல் பண்ணாமல் புதைக்கமாட்டார்கள்.

அவர் லயலுக்குப் பக்கத்து நிலத்துக்காரர். வேலியை நகர்த்திப் போட்டது யார் என்ற வழக்கில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம்.

(இந்த இடத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை. முதலில் எழுதியபோது குறிக்குச் சொந்தக்காரராக ஒரு விதவையைப் போட்டேன். கௌரவமாக இருந்தது, சப்பென்றும் இருந்தது. பிறகு வேலித் தகராறை மட்டும் நீக்கிப் பார்த்தேன். ஐவர் தொளதொளவென்று நின்றார். இவ்வளவு பொருத்தமாக நடக்குமா என்று கேட்பீர்கள். ஊரில் மொத்தமே இத்தனை பேர்தான் இருக்கிறார்கள், யாரைத் தொட்டாலும் யாருக்காவது எதிரியாகத்தான் இருப்பார்.)

"அது அவளோடது இல்ல" என்று மெரிடி அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்து "பின்ன யாரோடது?" என்பான். அவள் சொல்லாவிட்டால் அவனே தேடுவான். சாயந்தரத்துக்குள் ஐவர் அகப்பட்டுவிடுவார். அவள் புத்தகத்தை வாங்கி முத்திரை போட்டுக் கொடுத்தாள்.

விதைப்புக் காலம் முழுக்க லயல் டிராக்டரில் உட்கார்ந்து படித்தான். ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுக்கும்போது கவுண்டரில் நின்று ஒப்பிப்பான்.

"இதுலயும் கல்யாணம்தான் மெரிடி."

"ம்."

"நர்ஸ் ஒருத்தி. டாக்டர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறான். கடைசியில ரயிலடிக்கு ஓடி வர்றான்."

"வருவான்."

"எல்லாத்துலயும் எவனாவது ஒருத்தன் வந்து காத்துக்கிட்டு நிக்கிறான். மழையில நிக்கிறான், ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறான். நான் ஒரு நாளும் எங்கயும் நின்னதில்லப்பா. வண்டியில இருந்தே ஹாரன் அடிப்பேன்."

மெரிடி அடுத்த புத்தகத்தைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

"இதையே திரும்பத் திரும்பப் படிச்ச மனசு எவ்வளவு தனியா இருந்திருக்கணும்" என்றான் லயல். "நான் பக்கத்துலயேதான் இருந்திருக்கேன். எனக்குத் தெரியல பாரு."

பக்கத்திலேயேதான் இருந்தான். வேலிக்கு இந்தப்புறம். மெரிடி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு கவனமாக ஒரு வாசகர் இன்னொரு வாசகரைப் புரிந்துகொண்டு அவள் பார்த்ததில்லை. ஆள்தான் மாறிப்போய்விட்டது.

6

ஐவரிடமே அனுமதி கேட்டுவிடலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. அவளும் நினைத்தாள். ஒரு வியாழக்கிழமை பையை இறக்கி வைத்துவிட்டு, "உங்க புஸ்தகத்த எல்லாம் ஒருத்தர் வரிசையாப் படிச்சுட்டு வர்றார், ஐவர். வேற யாரோடதோன்னு நெனச்சுக்கிட்டு" என்றாள். பெயர் சொல்லவில்லை.

"லயலா?" என்றார் ஐவர்.

மெரிடி பையிலிருந்து புத்தகங்களை எடுத்து அடுக்கினாள்.

"போன வாரம் டிராக்டர் வேலியோரமா நின்னே கிடந்துச்சு. ரிப்பேருன்னு நெனச்சேன். படிச்சுக்கிட்டு இருந்திருக்கான்." ஐவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எது பிடிச்சுதாம் அவனுக்கு?"

"நான் சொல்லக் கூடாது."

"ரயிலடிக்கு ஓடி வர்றானே, அதுவா?"

"ஐவர்."

"சரி, சரி. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. அந்தக் கிளப்புல நான் தல காட்ட வேணாமா?" மேலே இருந்த கௌபாய் கதையைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தக் கல்யாணப் புஸ்தகம் இன்னொண்ணு வந்திருக்குன்னியே, அத மொதல்ல அவனுக்குக் குடு. நான் காத்திருக்கேன்" என்றார்.

மெரிடி முதலில் அதில் அவர் கையாலேயே ஒரு பெருக்கல் குறி போட்டு வாங்கிக்கொண்டாள். இல்லாவிட்டால் லயல் தொடமாட்டான்.

7

புது அறுவடைக்கு முன்னால் ஒரு காலையில் லயல் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். பின்புறம் திறந்த யூட் வண்டியின் இன்ஜினை அணைக்காமலே வந்து நின்றான். ஐவர் விட்டுக்கொடுத்த அந்தப் புத்தகம் கையில் இருந்தது.

"இன்னிக்கே போறேன். இத மட்டும் இன்னும் ஒரு வாரம் வெச்சுக்கறேனே."

இதுதான் மெரிடிக்குக் கடைசித் தருணம். கோரலி என்ன படித்தாள் என்று சொல்லக் கூடாது. ஆனால் ஒருவருக்கு ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்யக் கூடாது என்று எந்த ரூலிலும் இல்லை. அதற்குத்தானே சம்பளம். கவுண்டருக்கு அடியில் தயாராக எடுத்து வைத்திருந்த பனிப்பிரதேசப் புத்தகத்தை நீட்டினாள்.

"போற வழியில எங்கயாவது நிறுத்தி இதக் கொஞ்சம் பாத்துட்டுப் போ லயல்."

அவன் வாங்கினான். அட்டையைப் பார்த்தான். கோரலியின் பென்சில் கோடு ஓடுகிற வரைபடப் பக்கம் வரைக்கும் போயிருந்தால் போதும். முதல் பக்கத்து மூலையைப் பார்த்தான். குறி இல்லை. மூடிவிட்டான்.

"அவ இதையெல்லாம் தொடவே மாட்டாப்பா. ஒரு பொம்பளகூட இல்ல இதுல. ஒரே பனி."

"எனக்காகப் படி."

"இத்தன வருஷம் புஸ்தகம் எடுத்துக் குடுக்கற, கோரலியப் பத்தி இவ்வளவுதானா ஒனக்குத் தெரியும்?" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னான். "பரவால்ல விடு. எனக்கே இப்பத்தான தெரிஞ்சுது."

மெரிடி புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "மெதுவாப் போ. கங்காரு குறுக்க வரும்" என்றாள்.

வண்டி தானியம் சேமிக்கிற சைலோவைத் தாண்டித் திரும்பியபோது நான் நூலகத்துக்குள் நுழைந்தேன். "நீ எழுதுறவன்தான, நான் பண்ணினது சரியா தப்பா சொல்லு" என்று பிடித்துக்கொண்டாள். அவள் கையில் அந்தப் பனிப் புத்தகம் இருந்தது. அந்த முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அவள் எடுத்துக் கொடுத்து ஒருவர் வேண்டாமென்று வைத்தது அதுதான் முதல் தடவை.

8

இனி முடிவு. ஒன்று எழுதிப் பார்த்தேன். மெரிடி ஓடிப்போய் வண்டியை மறித்துச் சொல்லிவிடுகிறாள். அவன் அடிலெய்டுக்குப் போய், "பனி" என்கிறான். "யார் சொன்னா?" என்கிறாள் கோரலி. சரியான பதில், பார்த்து எழுதிய பரீட்சை. அதைக் கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் ஐவர் கைத்தடியோடு வேலிவரை வந்து (இல்லை. இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கிற்று. அப்படிக் கலங்கினால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.)

அந்த ஊரில்தானே குடியிருக்கிறாய், கோரலி திரும்பி வந்தாளா இல்லையா என்று பார்த்துச் சொல்லேன் என்கிறீர்கள். எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாசலில் என்ன நடந்தது என்பது எனக்கும் தெரியாது, அதனால் அதைத் தைரியமாக எழுதலாம்.

கோரலி உள்ளே நிற்கிறாள். கொசுவலைக் கதவைத் திறக்கவில்லை. லயல் ஹாரன் அடிக்காமல் படியேறி வந்திருக்கிறான். அது அவளுக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது.

"தெரிஞ்சுக்கிட்டேன்" என்கிறான். "காதல் கதை. எல்லாம் கல்யாணத்துல முடியறது. உன் குறி போட்டது ஒண்ணு விடாமப் படிச்சுட்டேன்."

கோரலிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. என்ன குறி? அவன் சொல்கிறான். முட்டையைச் சொல்கிறான், டிராக்டரைச் சொல்கிறான், ரயிலடியைச் சொல்கிறான், பெயர்களையெல்லாம் குழப்பிக்கொண்டு சொல்கிறான். கல்யாணமானதிலிருந்து அவன் மூச்சுவிடாமல் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. முழுத் தப்பு. ஒரு வரிகூட அவளுடையது இல்லை. அவளுக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது, யாரோ ஒருத்தியின் மேல் பொறாமையும் வருகிறது.

கடைசியாகக் கையிலிருந்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறான். "இது ஒண்ணுதான் முடிக்கல. அவன் எல்லாத்தையும் கெடுத்துட்டு, அவ வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். கடைசி அத்தியாயம் மிச்சம். பயமா இருந்துச்சு, மூடி வெச்சுட்டேன்." சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொள்கிறான். "நீ படிச்சதுதான கோரலி. நீயே சொல்லேன். அவ என்ன பண்றா?"

கோரலி வலைக்குப் பின்னால் நின்றபடி அட்டையைப் பார்த்தாள். அந்தப் புத்தகத்தை அவள் பிறந்ததிலிருந்து கண்ணால் கண்டதில்லை.

"அவ வந்து..." என்று ஆரம்பித்தாள்.